பூரணத்தின் பின்னங்கால்

எனக்கு எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாசாரில், அதாவது சந்தையில், வாங்க வேண்டிய சாமான்களின் பெயர்கள்தான். அதனால் இதில் ஏதாவது ஒரு வாக்கியம் பாதி வழியில் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் இருக்கிறது. அந்த மறதியால்தான் போன வாரம் கிளினிக்கில் ஒரு பேச்சு வந்துவிட்டது. அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்க அவளோடு போயிருந்தேன். அங்கே நர்ஸாக இருந்த மிஸி சின்னப் பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தட்டினாள், தடவினாள். "நரம்பு ஒளிஞ்சிக்கிச்சு ஆன்டி," என்றாள். பிறகு ஒரு ரப்பர் கையுறையில் வெந்நீர் பிடித்து முடிச்சுப் போட்டு என் முழங்கை மடிப்பில் வைத்தாள். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு அது மாட்டு மடி போல இருந்தது. அந்தச் சூடு கையில் இறங்கியது. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"பூரணம், கால இழுக்காதடி. ஒரு குத்துதான்."

மிஸி ஊசியை எடுத்த கையோடு நின்றுவிட்டாள். "யாரு ஆன்டி பூரணம்?"

"எலி," என்றேன். அது முழு உண்மை இல்லையே என்று தோன்றியதால், "பக்கத்து வீட்டு அக்கா," என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"எலியா, அக்காவா?"

"ரெண்டும்."

அவள் ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்திய பிறகு என் மகளை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினாள். அடுத்த மாதம் எனக்கு ஞாபகசக்தி டெஸ்ட்டாம். இன்று என்ன கிழமை, பிரதமர் யார் என்றெல்லாம் கேட்பார்களாம். கிழமை சொல்லிவிடுவேன். பிரதமர்கள் அடிக்கடி மாறியதில் இப்போதெல்லாம் ஞாபகம் நன்றாக இருப்பவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார்கள்.

அங்கேயே விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் பார்த்தால் எனக்குப் பேச வராது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எதிரில் இல்லை, அது எனக்கு வசதி.

நான் வேலை செய்த இடத்தின் பெயரைப் போட மாட்டேன். கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்தில் தாழ்வாக ஒரு கட்டடம். புது மருந்துகளைக் கொடுத்துப் பார்க்க அங்கே வெள்ளை எலிகளை வளர்த்தார்கள். நாங்கள் அதை எலி வீடு என்போம். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி போடுவது, தண்ணீர்ப் போத்தலை நிரப்புவது என் வேலை. மரத்தூள் வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தச்சுப் பட்டறைப் பக்கம் போனால் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

அப்போது நாங்கள் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை. அதில் துறைமுகத்து எலிகள் பூனைக்குக்கூட வழி விடாமல் நடமாடும். எங்கள் அரிசி மூட்டையில் பாதி அவற்றுக்குத்தான். என் வீட்டுக்காரர் கம்பிப் பொறி வைத்திருந்தார். காலையில் அவர் பொறியில் மாட்டிய எலியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போவார். நான் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இன்னோர் எலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கிள்ளானுக்கு பஸ் பிடித்து அங்கிருந்து ரயில் ஏறுவேன். வாசலில் இருவரும் பிரிவோம். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். யாரிடம் கேட்பது?

"ஒரு தடவ ரத்தம் எடுத்த எலிகிட்ட மறுபடி எப்ப எடுப்பாங்க?" என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சில வாரம் தொட மாட்டாங்க. ஒடம்புல ரத்தம் ஊறணும்ல. அது ஒடம்புல மொத்தமே ரெண்டு கரண்டி ரத்தம்தான்."

"எனக்கு தீபாவளிக்கே ரெண்டு நாள்தான் லீவு," என்றார்.

என் கூச்சத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பஸ்ஸில் மணி அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அடிக்க மாட்டேன். வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போய்விட்டால் போனதுதான், ரசத்தோடு எழுந்துவிடுவேன். ஆனால் எலிகளிடம் எனக்குக் கூச்சமே இல்லை. அவை ஒன்றும் கேட்பதில்லை, எதற்கும் சிரிப்பதில்லை. கூண்டைத் திறந்தால் மூக்கை நீட்டி மீசையை ஆட்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து மாலைவரை அவற்றிடம் பேசிக்கொண்டே இருப்பேன், வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை. என்னோடு வேலை செய்த கம்சியா மலாய்க்காரி, எங்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவள். "மனுஷன்கிட்ட கப்சிப். திக்குஸ்கிட்ட ரேடியோ," என்பாள். திக்குஸ் என்றால் மலாயில் எலி.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் நவமணி வந்தார். மிருக வைத்தியர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் அவருடைய தமிழில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"பயந்த எலியிட ரத்தத்தில பயம்தான் இருக்கும். மருந்து வேலை செய்யுதோ இல்லையோ எண்டு அது சொல்லாது. அதால முதல்ல அது உங்கட கையை நம்போணும். ஊசி எல்லாம் பிறகு."

அதற்கு முன்னால் எப்படி எடுத்தார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்த நேரங்களில் நான் கூண்டு கழுவும் இடத்தில் தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொள்வேன். டாக்டர் நவமணி எல்லாவற்றையும் மாற்றினார். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு கையையும் குவித்து அள்ள வேண்டும். பவுடர் போடக் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது. சுற்றுகிற துண்டை முதல் நாளே அதன் கூண்டில் போட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் அது சொந்த வீட்டு மணமாக இருக்கும். துண்டில் சுற்றி முகத்தை மூடிவிட்டால் இருட்டில் அது அடங்கிவிடும். பின்னங்கால் ஒன்று மட்டும் வெளியே. கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் முடியை மழித்து, சூடு வைத்து, வாஸ்லின் தடவி, சின்னதாக ஒரு குத்து. வாஸ்லின் மேல் ரத்தம் உருண்டு முத்துப்போல நிற்கும். அதை மெல்லிய குழாயில் வாங்கிக்கொண்டு, ரத்தம் நிற்கும்வரை துணி வைத்து அழுத்த வேண்டும். கடைசியில் ஒரு சூரியகாந்தி விதை, கூலியாக.

இதைக் கற்றுக்கொள்ள நாங்கள் முதலில் எலியாக வேண்டும் என்றார். நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒருவர் நாற்காலியில் குந்த வேண்டும், இன்னொருவர் போர்வையால் தலையோடு சுற்ற வேண்டும், மூன்றாமவர் பேனா மூடியால் கெண்டைக்காலில் குத்த வேண்டும். கம்சியா என்னைச் சுற்றினாள். உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக, யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாதபடி இருந்தது. வெளியே வர எனக்கு மனமே இல்லை. எங்கள் பெரிய புரொஃபசரும் எலியாக ஒப்புக்கொண்டார். சுற்றி முடித்துச் சற்று நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து குறட்டை வந்தது. "பாருங்கோ, இப்பிடித்தான் இருக்கோணும்," என்றார் டாக்டர்.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பரீட்சை என்றார்கள். எலியைத் தொடுகிற எல்லோரையும் வெளியிலிருந்து வருகிற இரண்டு பேர் பார்ப்பார்களாம். அவர்கள் முன்னால் எலியைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்ன செய்கிறோம், எதற்குச் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டுமாம். தமிழில் சொன்னாலும் போதும், டாக்டர் நவமணி மொழிபெயர்ப்பார். தேறாதவர்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். கேன்டீனுக்கு மாற்றிவிடுவார்கள்.

உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கு அப்படி இல்லை. அந்தக் கேன்டீனில் மத்தியானம் ஒரு கூட்டமே வந்து நிற்கும். "ஆன்டி, கோழி இருக்கா? ஆன்டி, குழம்பு தனியா. ஆன்டி, மிச்சக் காசு." ஒவ்வொருவருக்கும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பஸ் மணி அடிக்கத் தெரியாதவளுக்கு அது எப்படி இருக்கும்?

"பழகிப் பாருங்கோ," என்றார் டாக்டர். "ஆனா படிக்கிறதுக்காக உயிருள்ளதைக் குத்தக்கூடாது. முதல்ல பொம்மையில." எலி வீட்டில் ஒரே ஒரு ரப்பர் எலி இருந்தது. அதை வைத்துப் பழகினால் மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். எழுந்துபோய் லோரி ஓட்டும்போது போடுகிற தடித்த காலுறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அரிசியை நிரப்பினார். ஒரு முனையில் நைலான் கயிற்றை வாலாகத் தைத்தார். துணியில் பின்னங்கால் ஒன்று செய்து, மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற குழாயில் ஒரு துண்டை வெட்டி, அதில் சர்பத்துக்கு ஊற்றுகிற சிவப்பு சிராப்பை நிரப்பி, நுனியை நெருப்பில் ஒட்டி அந்தக் காலுக்குள் வைத்தார். ஊசியால் குத்தினால் சிராப் முத்தாக வந்து நின்றது. துறைமுகத்தில் இவரை லோரி ஓட்டத்தான் வைத்திருந்தார்கள், பாருங்கள்.

மாலையில் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பழகுவோம். நான் எலியைப் பிடிப்பேன், அவர் டாக்டர். "டாக்டர் வந்துட்டாரு," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு தையல் ஊசியோடு வந்து உட்காருவார். நான் காலுறையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "கால இழுக்காத கண்ணு. ஒரு குத்துதான். சூடு வச்சாச்சு, வலிக்காது. ரத்தம் வரட்டும், பயப்படாத," என்று சொல்லிப் பழகுவேன். சிராப்புக்கு எறும்பு வரும். எறும்பைத் தட்டிவிட்டுத் தொடருவோம்.

இதைப் பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

பூரணம் அக்கா தெரு முனையில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், எங்கள் தெருவிலேயே பெரிய குரல் அவருடையது. எங்களோடு தீபாவளியிலிருந்து பேச்சு இல்லை, காரணம் லோரி. என் வீட்டுக்காரர் லோரியை நிறுத்துகிற இடத்தில் அக்காவின் கடை மறைகிறதாம். இரண்டு தடவை சொன்னார், மூன்றாம் தடவை திட்டினார். இவரும் ஏதோ சொல்லிவிட்டார். அதோடு வேலி உயர்ந்துவிட்டது.

இப்போது அவர் பக்கம் நின்று பாருங்கள். சண்டைக்காரன் வீட்டுப் பின்கட்டு. புருஷனும் பெண்டாட்டியும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் துணிப் பொம்மை. உள்ளே அரிசி. அவன் அதன் காலில் ஊசியால் குத்துகிறான், சிவப்பாக வடிகிறது. வாயே திறக்காத அவள், காதோடு காதாக அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். எறும்பு வேறு. அந்த வாரம்தான் அக்காவுக்குக் கால்வலி ஆரம்பித்திருந்தது. பின்பக்கம், கணுக்காலுக்கு மேலே.

முதலில் எங்கள் வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தது. நான் நல்ல பழமாக இருக்கிறதே என்று எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டேன். மறுநாள் உப்பும் மிளகாயும் கிடந்தன. அதற்கும் மறுநாள் மாலையில் பூரணம் அக்காவே வந்தார், காலை இழுத்துக்கொண்டு, தெருப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு. சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் கால விட்ருங்க. லோரிய எங்க வேணும்னாலும் நிப்பாட்டிக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தப் பொம்மைய மட்டும் குடுத்துருங்க."

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. "அக்கா, அது எலிக்கா," என்றார்.

"யாரு எலி? என்னையா எலிங்கிற?"

"ஒங்கள இல்லக்கா. இந்த ஸ்டாக்கிங்."

"ஸ்டாக்கிங்குக்கு எதுக்குடா செவப்புத் தண்ணி?"

"ரத்தத்துக்குலா."

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. ஒரு பெண் குழந்தையைச் சேலையால் மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் போர்வைக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது.

வேறு வழி தெரியாமல் படியில் உட்கார்ந்தேன். காலுறையை எடுத்து, இரண்டு கையையும் குவித்து அள்ளினேன். அதை மட்டுமே பார்த்தேன். "வா கண்ணு, ஒன்ன வாலப் புடிச்சுத் தூக்க மாட்டேன்," என்று ஆரம்பித்தேன். பிறகு அது தானாக வந்தது. துண்டு ஏன், இருட்டு ஏன், சூடு ஏன், வாஸ்லின் ஏன், எவ்வளவுதான் எடுக்கலாம், எப்போது விட்டுவிட வேண்டும், எல்லாவற்றையும் காலுறையிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் வந்து குத்தினார். சிராப் முத்தாக நின்றது. துணி வைத்து அழுத்தினேன். நிமிர்ந்தபோது தெருவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எலிக்கா இதெல்லாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எலிக்குத்தான்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பூரணம் அக்கா குனிந்து காலுறையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போன மாசம் கிளினிக்ல என்னைய நாலு எடத்துல குத்துனாங்க. ஒருத்தரும் சுடுதண்ணி வைக்கல. கண்ணுனும் கூப்புடல." சொல்லிவிட்டு எங்கள் படியிலேயே உட்கார்ந்து காலை நீட்டினார். "எனக்கும் வையி."

வைத்தேன். வேறென்ன செய்வது? வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து வைத்தேன். காலையெல்லாம் நின்று நின்று வந்த வலி அது. சூட்டுக்குக் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் மாலையும் அவரே வந்தார். "ஒனக்குப் பரீட்சையாமே. நான் எலியா இருக்கேன், நீ பழகு," என்றார். காலுறை எலி ஓய்வு பெற்றது. அந்த அரிசியை நாங்கள் சமைக்கவில்லை, சாக்கடை எலிகளுக்குப் போட்டோம்.

எலியாக இருப்பதில் பூரணம் அக்கா மிகவும் கண்டிப்பு. நான், "அக்கா, காலை இழுக்காதீங்க," என்று ஆரம்பித்தேன். "எலிய அக்கான்னு கூப்புடுவியா? சரியாச் சொல்லு," என்று அதட்டினார். எனக்கு நாக்குக் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பூரணம், கால இழுக்காதடி," என்றேன். "ஆங், இப்பதான் எலி," என்றார். ஊசி மட்டும் கிடையாது, பேனா மூடிதான். கடைசியில், "எலிக்கு வெத குடுப்பேன்னியே, எனக்கு என்ன?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்று கொடுத்தேன். அதிலிருந்து தினமும் கறிபாப். நானும், "முடிஞ்சிருச்சுடி பூரணம், இந்தா கறிபாப்," என்று சொல்லியே முடித்துப் பழகினேன். லோரியும் ஒருநாள் சத்தமில்லாமல் இடம் மாறிவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. ஒரு சீனப் பெண்மணி, ஒரு மலாய்க்காரர், எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நவமணி ஊசியோடு பக்கத்தில். எனக்கு முன்னால் போன கம்சியா தேறிவிட்டாள். கூண்டைத் திறந்தேன். அன்று எப்படியும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்த வெள்ளை எலி மூக்கை நீட்டியது. பழகிய பேச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அந்த மலாய்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேன்டீன் கண்ணுக்குத் தெரிந்தது, குழம்புக் கரண்டியோடு நான். எலி என் விரலை முகர்ந்துவிட்டு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. அதன் கால் சில்லென்று இருந்தது.

"வாடி பூரணம்," என்றேன்.

அவ்வளவுதான், அடைப்பு விலகிவிட்டது. நான் எலியிடம் சொல்லச் சொல்ல டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். சுற்றினேன், முகத்தை மூடினேன், சூடு வைத்தேன். "கால இழுக்காதடி, ஒரு குத்துதான்," என்றேன். டாக்டர் குத்தினார். அது இழுக்கவில்லை. துளி வந்தது, எடுத்தார்கள், துணி வைத்து அழுத்தினேன். "முடிஞ்சிருச்சுடி பூரணம், இந்தா கறிபாப்."

டாக்டர் அதையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்.

அந்தப் பெண்மணி முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இந்த எலிகளுக்குக் கறிபாப் குடுக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா. மருந்து ஆராய்ச்சியில இருக்கிற எலி. எண்ணெய், உருளைக்கிழங்கு, காரம். அப்பிடியெண்டால் எல்லாக் கணக்கும் பிழைச்சுப்போடும். உண்மையைச் சொல்லுங்கோ."

எலியிடம் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. எலியே சாட்சி சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நான் நிமிர்ந்து அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன். கறிபாப் எலிக்கு இல்லை, பூரணம் அக்காவுக்கு என்றேன். பூரணம் அக்கா யார் என்று கேட்டார்கள். சொன்னேன். காலுறையைச் சொன்னேன், சிராப்பைச் சொன்னேன், எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டதைச் சொன்னேன், லோரி, கால்வலி, ஒத்தடம், எல்லாம். எலுமிச்சம்பழம்வரை மொழிபெயர்த்த டாக்டர் அதற்கு மேல் முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மிச்சத்தை மலாயில் நானே சொன்னேன், பாசார் மலாய். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அந்தப் பெண்மணிதான் முதலில் என் மடியைக் காட்டினார். பேச்சு மும்முரத்தில் எலியை மறந்துவிட்டேன். கை மட்டும் அதன் காலை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. துண்டுக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது.

"எலி நித்திரையாப் போச்சு," என்றார் டாக்டர் நவமணி. "இதுக்கு மேல என்ன பரீட்சை எண்டு கேக்கினம்."

தேறிவிட்டேன். கூண்டு அட்டையில் எண்ணுக்குக் கீழே கம்சியா 'பூரணம்' என்று கோணல் எழுத்தில் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. வீட்டுக்கு வந்து பயந்துகொண்டே அக்காவிடம் சொன்னேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். "என் பேர்ல எலியா?" என்று இடுப்பில் கை வைத்தார். "நல்லாப் பாத்துக்கிறாங்களா அத?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்தால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "என்னடி, நான் எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க அக்கா. ரெண்டு நாளா தண்ணி கொஞ்சம் கம்மியாக் குடிக்கிறீங்க."

"அப்படியா?" என்று உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

ஆராய்ச்சி முடிந்தால் அந்த எலிகளை உயிரோடு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நாளும் வந்தது. டாக்டர் நவமணியே செய்தார். அதன் கூண்டில் கிடந்த துண்டில் சுற்றி நான்தான் பிடித்துக்கொண்டேன். முகத்தை மூடி, கண்ணு என்று கூப்பிட்டேன். வேறு எதுவும் எழுத எனக்கு வரவில்லை.

அன்று மாலை வேலிக்கு அப்பாலிருந்து வழக்கம்போலக் குரல் வந்தது. "என்னடி, நான் எப்படி இருக்கேன்?"

நான் அதற்குள் பஸ் மணி அடிக்கப் பழகியிருந்தேன். பந்தியில் சாம்பார் கேட்கப் பழகியிருந்தேன். ஆனால் அன்று பழையபடி குனிந்துகொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டில் கறிபாப் கொண்டுவந்து எங்கள் படியில் உட்கார்ந்தார். எனக்கு ஒன்று கொடுத்தார், தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். தட்டில் ஒன்று மீதி இருந்தது. அதை நாங்கள் தொடவில்லை. "சரி, வையி," என்று காலை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நான்தான் தினமும் கேட்டேன், "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று.

பிறகு என்ன? அக்கா தன் மகனோடு செமினி என்ற ஊருக்குப் போனார். போன இடத்தில் கொஞ்ச நாள்தான் இருந்தார். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகளை இடித்து கப்பல் சரக்கு இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எலி வீடு இருந்த இடத்தில் மாடி மாடியாகக் கார் நிறுத்துகிறார்கள் என்று மகள் சொன்னாள். டாக்டர் நவமணி எங்கே இருக்கிறாரோ. இன்னும் அப்படியே இருப்பது சாக்கடை எலிகள் மட்டும்தான். அவற்றை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அடுத்த மாதம் டெஸ்ட்டுக்குப் போகும்போது இதை மிஸியிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் சில விஷயங்களில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. வாஸ்லின் முதலில் தடவினோமா, சூடு முதலில் வைத்தோமா என்று குழம்புகிறது. எலி அன்றைக்கு உண்மையிலேயே தூங்கியதா, இல்லை, பிறகு நாங்கள் சிரித்துச் சிரித்து அப்படி ஆக்கிவிட்டோமா என்று கம்சியாவுக்குத்தான் தெரியும். எலிக்கு வலது பின்னங்காலில்தான் எடுத்தோம், அது நிச்சயம். பூரணம் அக்காவுக்கு வலித்தது வலதா இடதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தினமும் என் மடியில் வைத்திருந்த கால். பண்டமாரானில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். டெஸ்ட்டில் அதைக் கேட்டால் நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.